மீன் வருமுன் இருபத்தாறு நாள்

பரளச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் முனீஸ்வரிக்குத் தண்ணிக்காரம்மா என்றுதான் பேர். பதினொரு வருஷமாக ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவதும், வால்வு திறந்துவிடுவதும், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவதும் அவள் வேலை. மகள் சத்யபிரியா மதுரையில் நர்ஸ் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். சேலை என்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "மீன்தொட்டி" என்றாள் முனீஸ்வரி.

அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. முந்தின வருஷம் அருப்புக்கோட்டையில் ரெண்டு தங்கமீன் வாங்கிவந்து, கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணியைப் பிடித்து விட்டிருந்தாள். மறுநாள் காலையில் ரெண்டும் மல்லாந்து மிதந்தன. அந்தத் தண்ணிக்கு மருந்து போட்டவளும் அவளேதான்.

இந்தத் தடவை வளர்ப்பு மீன்கடை உதயகுமாரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தொட்டியும் ஃபில்டரும் கொண்டுபோங்கக்கா. மீன இப்பத் தர மாட்டேன்," என்றான் அவன். "மூணு நாலு வாரம் வெறுந்தண்ணி ஓடட்டும். மீனோட கழிவு வெசமாயிரும். அதத் தின்னு தீக்குற கிருமி ஃபில்டர்ல வளரணும். வெறுந்தொட்டியிலயே தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. அது அழுகினாத்தான் கிருமி உண்டாகும்."

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். "கிருமியக் கொல்லுறதுதாம்ப்பா எம் பொழப்பு. நீ வளக்கச் சொல்லுற."

ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் அவளுக்கு அரைகுறை ஆகாது. வெயில் படாத மூலையில் மேசையைப் போட்டு, காலுக்கு அட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்தி, தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வைத்தாள். கூழாங்கல்லை ஏழு தண்ணியில் அலசினாள். வீட்டுக்கு வருகிற தண்ணியில் நாலு குடம் மிச்சம் பிடித்து ரெண்டு நாள் திறந்தே வைத்தாள். பிறகு ஊர்த் தண்ணியைச் சோதிக்கிற சொட்டு மருந்தை அதில் விட்டுப் பார்த்தாள். மஞ்சள் அடித்தால் குளோரின் இருக்கிறதென்று அர்த்தம். நிறம் மாறவில்லை. தொட்டியை நிரப்பி, நாலு செடி நட்டு, ஃபில்டரை ஓடவிட்டாள்.

அஞ்சாம் நாள் தண்ணி பால் கலந்தாற்போலக் கலங்கிவிட்டது. பதறிப்போய் உதயகுமாருக்குப் போன் அடித்தாள்.

"அப்பிடித்தான் இருக்கும்க்கா. கை வைக்காதீங்க."

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வந்து கண்ணாடிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, மீனு எங்க?"

"வரும் மதினி. இன்னும் இருவது நாளாகும்."

"அப்ப யாருக்குத் தீனி போடுற?"

முனீஸ்வரி தீனி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

கணவர் ஜெயபாண்டிக்குத்தான் பொறுமை இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பத்தாம் நாள் தண்ணி தெளிந்தது. அன்று சாயங்காலமே வேறொரு கடையில் ஆறு கப்பி மீனை வாங்கி, கவரோடு வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"அதான் தண்ணி தெளிஞ்சிருச்சுல்ல. விட்டுப் பாப்பம்."

"போன வருசம் பாத்தது போதும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

அவர் மீனைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கவரை ஆட்டோ ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஏறினவர்களெல்லாம் மீனுக்கும் டிக்கெட்டா என்று கேட்டார்களாம். திரும்பி வந்து அவரே சொல்லிச் சிரித்தார்.

இருபத்தாறாம் நாள், தொட்டித் தண்ணியில் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உதயகுமார் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "சுத்தமா வெசம் இல்லக்கா." அப்படியும் மூணு கப்பிதான் கொடுத்தான். மிச்சத்தை ரெண்டு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் கவரை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டாள். கால் மணி நேரம் கழித்து, தொட்டித் தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கவருக்குள் விட்டுப் பழக்கி, சின்ன வலையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டாள். ஒன்று செடிக்குள் ஓடி ஒளிந்தது. மற்ற ரெண்டும் ஃபில்டர் குமிழிக்குள் புகுந்து புகுந்து வந்தன.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக லைட்டைப் போட்டாள். மூணும் நீந்திக்கொண்டிருந்தன. அன்று மோட்டார் போடக் கால் மணி தாமதமாகிவிட்டது. ஒரு வாரம் தாண்டியும் மூணும் நன்றாகவே இருக்கின்றன. இப்போது சாயங்காலம் ஆட்டோவை நிறுத்தியதும் ஜெயபாண்டி டீ கிளாசோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். "செவப்பு வால்காரன் இன்னிக்குச் சரியாத் திங்கல பாத்தியா?" என்று விசாரிக்கிறார். தீனியைத் தொட மட்டும் அவள் இன்னும் அவரை விடவில்லை.