சாம்பிள் கீதா சார்?

கார் பழையது என்று தெரிந்துதான் வாங்கினேன். இப்படி நேரம் பார்த்துக் கழுத்தறுக்கும் என்று தெரியாது. தொண்ணூறுகளின் கடைசி, கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். மனைவிக்கு நிறைமாதம். பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி என்று முடிவாகியிருந்தது. நம் காரிலேயே கூட்டிப்போவேன் என்று எல்லோரிடமும் ஜம்பமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம் பார்த்து பிரேக் கல்லாக இறுகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் 'உஸ்' என்று சீறல். பிரேக்கை லேசாக்க இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் ஓஸ், அதன் பிளாஸ்டிக் இணைப்பில் விரிசல். தொட்டேன், அப்பளமாக நொறுங்கியது. துண்டுகள் இன்ஜினுக்கு அடியில் எங்கோ விழுந்து தொலைந்தன. ஆபீஸில் நாள் முழுக்க வேக்குவம் பம்புகளோடு குப்பை கொட்டுகிறவன் நான். உடைந்தது என்ன உருவத்தில் இருந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

செங்கல்பட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒரு வழக்கம். பழையதைக் கொண்டுபோய் கவுண்ட்டர் மேல் வைத்தால்தான் புதியது வரும். வாயால் சொன்னால் எடுபடாது.

"சாம்பிள் கீதா சார்?" என்றார் கடைக்காரர்.

"உடைஞ்சு தூளாயிடுச்சுங்க."

"அப்போ நான் இன்னாத்தப் பாத்துக் குடுக்கறது?"

படம் வரைந்து காட்டினேன். வளைந்த குழாய் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் சீறல் நிற்கவில்லை. மறுபடி போய் இன்னொன்று வாங்கிவந்தேன். அதுவும் உதவவில்லை. எரிச்சலில் பானெட்டை அறைந்து சாத்தினேன். "பேசாம ஒரு ஆட்டோ சொல்லி வைங்க" என்றாள் மனைவி. அது எரிச்சலை இன்னும் கிளப்பியது. மறுநாள் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் மீண்டும் பஸ் ஏறினேன்.

கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் என் காரைப் போலவே ஒன்று பானெட் திறந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். அந்த இணைப்புக்கு மூன்று வாய். மூன்றாவது வாயில் பேனா ரீஃபில் தடிமனில் ஒரு சின்னக் குழாய் செருகியிருந்தது. என் வண்டியிலும் அப்படி ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு எதனுடையதோ என்று விட்டிருந்தேன். கடைக்காரரைக் கையோடு அழைத்துவந்து காட்டினேன்.

"இதுவா? டப்பா நெறைய கீது சார். மொதல்லயே சொல்றதில்ல? சும்மா பேஜார் பண்ணிகினு."

அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. பல்லைக் கடித்தபடி வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

வீடு பூட்டியிருந்தது. நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலி கண்டு, பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் அவளைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். நான் கடைக்காரரோடு மல்லுக்கட்டிய நேரத்தில் அவள் அதே ஊரில் இருந்திருக்கிறாள். கைபேசி ஏது அப்போது? வந்த வழியே திரும்பினேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது.

போய்ச் சேர்ந்தபோது பெண் பிறந்திருந்தாள். துணிக்குள் முகத்தைத் தேடிக் குனிந்தேன்.

"பார்ட் கெடச்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை உள்ளே அழுத்திவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.