கீழ்வீட்டு அன்ரி சொன்ன பொய்

விடியற்பொழுதுகளில் கீழ்வீட்டு வாசலில் ஒரு பீங்கான் தட்டு காத்திருக்கும். அதில் அவித்த முட்டையும் சிறிது மிளகுத்தூளும். வெள்ளவத்தைக் கடலோரம், தண்டவாளத்தை ஒட்டி ஓடிவிட்டு வியர்வையோடு திரும்பும் என் அண்ணனுக்காக அன்ரி வைத்தது அது. "ஓடி ஓடி என்னத்தைப் பிடிக்கப் போறாய், தம்பி? கொழும்பிலை பஸ் ஓடேல்லையே?" என்பார். அண்ணன் சிரித்தபடியே முட்டையை விழுங்குவான், காரணத்தைச் சொல்லமாட்டான்.

காரணம் எங்கள் வீட்டுக்குள் மட்டுமே தெரிந்திருந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அவன், இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தான். பாடசாலை மாணவர் படையணியில் அவன் சார்ஜன்ட். பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது, உடலும் மொழியும் தலைமைப் பண்பும் தேறவேண்டும் என்று படையணிக்குப் பொறுப்பான ஆசிரியர் கூறியதை வேதமாகக் கொண்டான். முச்சந்திக் கடை முதலாளிக்குச் சிங்களச் செய்தித்தாளை உரக்க வாசித்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டான், முதலுதவி கற்றான், மட்டக்குளியில் வெள்ளம் புகுந்தபோது தோழர்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றான். அப்பாவுக்கு இவை எவையும் உவக்கவில்லை.

"எங்கட ஆக்கள் அதுக்குள்ளை போறதோ?"

"ஆராவது போனாத்தானே அப்பா, அங்கை எங்கட பாஷை விளங்கிற ஒருத்தன் இருப்பான்."

இறுதியில் அப்பா இசைந்தார், ஒரு நிபந்தனையோடு. "ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக்கூடாது. சனம் கதைக்கும்."

அன்ரியிடம் மறைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. போர்க்காலத்தில் அவருடைய ஒரே மகனைக் கேட்டு இராணுவத்தினர் சிலர் வாசலுக்கு வந்தார்கள். ஒளிக்க ஏதுமில்லை என்று நம்பிய அவர், "உள்ளைதான் இருக்கிறான்" என்று கதவைத் திறந்துவிட்டார். அழைத்துச் செல்லப்பட்டவன் திரும்பவில்லை. அதன்பின் எத்தனையோ காவல் நிலைய வாசல்களில் அவர் மகனின் புகைப்படத்தோடு அமர்ந்திருந்ததை அம்மா சொல்லித்தான் அறிவேன்.

அண்ணன் நேர்முகத் தேர்விலும் தேறினான். எஞ்சியது, அயலவரிடம் அவனைப் பற்றி விசாரிக்கும் வழக்கமான நடைமுறை ஒன்றே. அதற்காகக் காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்த பிற்பகலில் எங்கள் வீடு பூட்டியிருந்தது. அன்று மாலை அன்ரி படியேறி வந்து அம்மாவின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"ரெண்டு பேர் தம்பியைக் கேட்டு வந்தவங்கள். அப்பிடி ஒருத்தர் இங்கை இல்லை, எப்பவோ வெளிநாடு போயிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். இந்தமுறை நான் பிழை விடேல்லை."

அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் கண்டதில்லை. ஒருமுறை உண்மை சொல்லி மகனை இழந்தவர், பொய்யின்மேல் நம்பிக்கை வைத்ததில் வியப்பென்ன?

மறுநாள் அப்பா காவல் நிலையம் சென்று விளக்கினார். அந்த முகவரியில் ஆளில்லை என்று அறிக்கை போய்விட்டதாம். அந்த அம்மையார் நேரில் வந்து, தாம் சொன்னது பொய்யென்று வாக்குமூலம் தந்தால் திருத்தலாமாம். மகன் போவதை விரும்பாதிருந்த அப்பாவே, "நான் அவவிட்டைக் கேட்டுப் பாக்கிறன்" என்று எழுந்தார். அண்ணன் வழிமறித்தான்.

"வேண்டாம், அப்பா. திரும்பவும் அவவை அந்த வாசலிலை இருத்தேலாது. என்னைக் காப்பாத்தினதெண்டு நினைக்கிறா. அப்பிடியே நினைக்கட்டும்."

விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. அவன் ஓடுவதையும் நிறுத்திவிட்டான்.

இன்று கல்கிசையில் குடியிருந்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பணியாற்றுகிறான். விடுமுறை நாள்களில் அன்ரியைப் பார்க்கத் தவறாமல் வருவான். சென்ற சுதந்திர தினத்தன்று அவருடைய வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளம் அதிகாரிகளின் வரிசை திரையைக் கடந்தபோது, அன்ரி அவன் முழங்கையைத் தொட்டார்.

"உவங்களிட்டையிருந்துதான் உன்னைக் காப்பாத்தினனான், தம்பி."

"ஓம் அன்ரி," என்றான் அண்ணன். அவன் முகம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. நாற்காலிக்குக் கீழே அவனுடைய குதிகால் மட்டும், பிசகாமல், அந்த வரிசையோடு நடந்துகொண்டிருந்தது.