தேய்மானம் இல்லாத லைன்

"என் லைன்ல தேய்மானம்கிற பேச்சே கிடையாது. வருசநாட்டுல கிளம்புற சிக்னல் கடைசி வீடு வரைக்கும் கொறையாமப் போய்ச் சேரும். தூரமாவது மண்ணாவது."

டீக்கடையில் இப்படி அறிவித்தபோது கேபிள் தங்கப்பாண்டியனுக்கு ஐம்பத்தாறு வயது. அந்தக் கடைசி வீடு அவருடையதுதான். மலையடியில், தோப்புகளைத் தாண்டி, அவரும் ஒரு கட்டிலும் குடியிருந்தார்கள். மகளின் பேறுகாலத்துக்கு மூன்று மாதம் என்று புனே போன மனைவி ஹேமாவதி, அங்கே மூன்றாவது வருடத்தை வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பேத்தி முகம் செல்போனில் வரும். வாரத்தில் ஒருநாள் அவர் தேய்த்த சட்டை போடுவது அதற்குத்தான்.

கேபிளுக்குள் போகும் சிக்னல் தூரம் போகப் போக இளைக்கும். வேகமான நெட் என்றால் இன்னும் சீக்கிரம். இளைத்து இரைச்சலில் கரைந்துபோகும் முன்பே நடுவழியில் பிடித்து ஊட்டம் தர வேண்டும். அந்த பூஸ்டர் பெட்டியைப் போன ஐப்பசியில், பாதித் தூரத்தில் இருந்த மொக்கம்மாள் வீட்டுச் சுவரில் மாட்டினார். கரண்டு அவர்களுடையது, பதிலுக்கு நெட் இலவசம். வாய்ப்பேச்சு ஒப்பந்தம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம் லைன் செத்தது. மொக்கம்மாளுக்குப் போன் போட்டார். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"வீரபாண்டித் திருவிழாவுல இருக்கம்ணே. குடும்பத்தோட வந்ததால மெயின ஆப் பண்ணி, வீட்டப் பூட்டிட்டு வந்தாச்சு."

"எம் பெட்டி அதுலதான ஆத்தா ஓடுது."

"சாவி இங்கன எங்க வீட்டுக்காரவுக இடுப்புல கெடக்கு. ஒங்களுக்குத்தான் தேய்மானமே இல்லையாமே? டீக்கடையில சொன்னாக."

தங்கப்பாண்டியன் அசரவில்லை. இருப்பதிலேயே பெரிய பூஸ்டரை எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். அது பாரபட்சம் பார்க்காத பெட்டி. வந்து சேர்ந்த துளிச் சிக்னலையும், வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலையும் ஒரே அளவில் வளர்த்துக் கொடுத்தது. ஆறு மணிக்குப் பேத்தி கட்டம் கட்டமாக வந்து, பாதி மூக்கோடு நின்றுபோனாள்.

"கேக்குதாங்க?" என்றார் ஹேமாவதி.

"கேக்குது. சாப்பிட்டியா?"

"கேக்குதா?"

"கேக்குது."

ஏழு நிமிடம் இதையே பேசினார்கள். பிறகு அதுவும் நின்றது. அவர் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டார்.

எட்டு நாளில் மொக்கம்மாள் திரும்பி மெயினைப் போட்டாள். கடைசி வீட்டில் அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். சிக்னல் துளிகூடக் குறையவில்லை. சுற்றிலும் பார்த்தார். கட்டில் மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு, தேய்த்த சட்டையோடு மொக்கம்மாள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே மருமகள்கள் இருவரும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லைன் சரியாயிருச்சுன்னாகளேண்ணே?" என்றாள் மொக்கம்மாள்.

தங்கப்பாண்டியன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"அங்கன வாரதுக்குள்ள கொஞ்சம் தேஞ்சு போகுது ஆத்தா. இங்கன உக்காந்து பேசிக்கிறேன்."

அவள் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.