நேர்கோட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் குறி

பேய், சகுனம், ஜோசியம் எதையும் நான் நம்பியதில்லை. செபராங் ஜெயாவில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். வரைபடத்தில் இருப்பதைத்தான் நம்புவேன். சிரிக்காமல் கேளுங்கள், பிறகு உங்கள் விருப்பம்.

என் கணவர் சரக்கு விமானம் ஓட்டுகிறார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவார். அப்பா இப்போது எங்கே என்று, மூன்றரை வயது மகள் யாழினி மணிக்கொரு தடவை அதன்மேல் கிரையானால் குறி வைப்பாள்.

"பைலட்டா இருந்துகிட்டு நேர்கோடு போடுறீங்களே, என் ஸ்டூடண்ட் போட்டா மார்க் கட்" என்பேன். உருண்டை உலகைத் தட்டையாக விரித்த அந்தப் படத்தில் உண்மையான குறுக்குவழி வடக்கே வில்லாக வளையும்.

"வேலைய விட்டும் ரோத்தான் பெரம்ப விட மாட்டியா? புள்ளைக்கு இது போதும்லா" என்பார்.

அன்று அவர் ஹாங்காங்கிலிருந்து அலாஸ்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணி இருக்கும், யாழினி நேர்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு மேலே வளைவாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

"கோட்டு மேல வையிம்மா."

"அப்பா அங்க இல்ல. மேல போறாரு." ஜப்பானைத் தாண்டிக் கடலில் ஒரு குறி வைத்து, கோட்டைப் பின்னால் திருப்பினாள். "இங்க திரும்பிட்டாரு."

என் கணவர்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்து என்னைக் கேலி செய்கிறார் என்று சந்தேகப்பட்டேன். படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். மணி 5:02. ஒற்றை டிக்தான், போய்ச் சேரவில்லை.

எட்டு மணிக்கு ஜப்பானிலிருந்து அழைத்தார். "பயப்படாத. ஒரு எஞ்சின்ல ஆயில் பிரஷர் இறங்குச்சு, திரும்பி வந்து எறங்கிட்டோம்." நான் அனுப்பிய படத்தை அப்போதுதான் திறந்திருக்க வேண்டும். "உனக்கு யாரு சொன்னா?"

வீட்டுக்கு வந்ததும், பறக்கும்போது விமானம் இருக்கும் இடத்தை அவர் குறித்துவந்த சார்ட்டின் நகலை விரித்தார். திரும்பிய நேரம் நம் நேரப்படி மாலை 5:20, நான் படம் அனுப்பிப் பதினெட்டு நிமிடம் கழித்து. அந்த வகைச் சார்ட்டில் குறுக்குவழி கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும். அதைப் பார்த்து இந்த வளைவை வரைந்திருக்கவும் முடியாது. திரும்பிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நானே எடுத்துச் சுவரில் குண்டூசி குத்தினேன். கை தவறியதோ என்று மூன்று முறை. மூன்று முறையும் யாழினியின் குறிக்குள்தான்.

அப்போதுதான் பசிபிக் நடுவே இன்னொரு சிவப்புக் குறியைப் பார்த்தேன். அதற்குக் கோடே இல்லை.

"இது என்னம்மா?"

"அங்க அப்பா இன்னும் போகல."

அன்றே படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் ஒளித்துவிட்டேன். நாளை மறுநாள் அவருக்குப் பசிபிக் நடுவே இருக்கும் ஹொனலுலுவுக்குப் பயணம். "படம் எங்க வச்ச? கோடு போடணும்" என்று காலையிலிருந்து ஸ்கேலும் கையுமாகத் தேடுகிறார்.

இடம் யாழினிக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.