தூரத்துக் கடல் வேண்டும் என்று கேட்டோம்

எங்கள் ஊரில் கடல் தினமும் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. கோபித்துக்கொண்டு போவதில்லை. ஆபீஸ் போகிறவர்களைப் போல நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பி வருகிறது. நானும் என் மனைவி வசந்தியும் இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இறங்கிய அன்று நண்பகலில் ஜன்னலைத் திறந்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு. அதன் மேல் நாலைந்து படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. கீழே இறங்கிப் போய், வேலியோரம் ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கடல் எங்கே என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறது என்றார். எப்போது வரும் என்றேன். டீ குடிக்கிற நேரத்துக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ரோஜாவைக் கவனிக்கப் போய்விட்டார். நான் மாடியேறி வந்து, பாவம், அந்த அம்மாளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார் என்றேன். முதியோர் இல்லங்கள் நிறைந்த ஊர் என்பது முன்பே தெரியுமாதலால் வசந்தியும் நம்பினாள். அந்தச் சேற்றை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "நல்ல ஊர்ங்க" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சேற்றைப் பார்த்து ஒருத்திக்கு ஏன் நிம்மதி வர வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குத் தாம்பரத்திலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் வசந்தி குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் இரும்புக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறையில் சூப்பர்வைசர். ஒருநாள் தகடு கையைக் கிழித்து, அவள் கட்டுப் போட்டு, அதன் பிறகு ஆறிப்போன காயத்துக்கும் நான் கட்டுப் போட்டுக்கொள்ளப் போய், கல்யாணத்தில் முடிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்ட் ஒருவர் மேற்குத் தாம்பரத்தில் ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் முன்னால் மூன்று போட்டோக்களை வைத்தார். மூன்று ஊர், மூன்று முதியோர் இல்லம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "மூணுமே ஸீ ஸைட் சார். சூப்பர் வியூ. அங்க ரிட்டயர் ஆனவங்க எல்லாம் கடலோரமா வந்து செட்டில் ஆயிடுவாங்க" என்றார். வசந்தி மெதுவாக, "எங்க ஊர்ல கடலோரமா இருக்கறவங்க ரிட்டயர் ஆனதே இல்ல சார்" என்றாள். அவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. போட்டோவைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். முதல் ஊரில் அலை எழும்பிச் சாலையிலேயே விழுந்துகொண்டிருந்தது, அது அலையூர். மூன்றாவதில் ஒரு கோட்டையும் மழையும் தவிர எதுவும் இல்லை, அது மழையூர். இரண்டாவதில் அகலமான மணல்வெளி, அதற்கும் அப்பால் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. அதுதான் கடல் என்று ஏஜென்ட் விரல் வைத்துக் காட்டினார். அது கோட்டூர் ஆயிற்று.

ஊர் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. எங்கள் குடும்பம் சேலையூர் ஏரிக்குக் கீழே பயிர் வைத்த குடும்பம். நெல் விளைந்த இடத்தில் பிளாட் விளைய ஆரம்பித்த பிறகு அப்பா மனை விற்றார். மனை பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் கிணற்றில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்ப்பார்கள். விவரமானவர்கள் ஒரு குடம் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவரம்பருப்பை வேக வைத்துப் பார்ப்பார்கள். வெந்தால் பேச்சு தொடரும். வேகாவிட்டால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும், ஆகையால் இதில் தவறு ஒன்றும் இல்லை. நான் ஏஜென்டிடம் மூன்று ஊரில் எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகும் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், அங்க பருப்பு சாப்பிடற ஆளே கிடையாது சார்" என்றார். அத்துடன் என் முறை முடிந்தது.

மிச்சம் இருந்தது கடல்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அலையூர்தான். வசந்தி கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அவள் அம்மா கன்னியம்மா மீன் விற்றுத்தான் அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். கடலோரத்தில் பிறந்தவளுக்குக் கடல் இல்லாமல் எப்படி முடியும் என்று நானே முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேளம்பாக்கம் வழியாகப் பஸ் பிடித்து அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வீடு திரும்பியதும் அவள் காலை முழங்கால் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். சுத்தமான பெண் என்று பெருமைப்பட்டேன். அத்தை கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், மீன் கூடையைப் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளிப்பார். அத்தை கூடையை கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வருவார். அவர் போனதும் வசந்தி ஊதுபத்தி ஏற்றுவாள். அத்தை 'கீது' என்றால் இவள் 'இருக்கு' என்று திருத்துவாள், டிக்டேஷன் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் மாதிரி. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பதில் சொல்ல வேண்டிய வாரத்தில் அத்தை வந்திருந்தார். போட்டோக்களைத் தரையில் பரப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"கடலு எந்தாண்ட கீது மாப்ள?"

மேற்கே என்றேன்.

"மேக்கால கடலா? அப்போ சூரியன் எங்கேந்து வரும்? வூட்டுக்குப் பின்னாலேந்தா?" என்று அந்த மூன்று ஊரையும் மொத்தமாகவே தள்ளிவைக்கப் பார்த்தார். நான் அலையூரை எடுத்து முன்னால் வைத்தேன். "இதையே எடுத்துக்கலாம் அத்தை. வசந்திக்கு அலைச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றாள் வசந்தி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எனக்குக் கடலே வேணாங்க. ஒரு நாளும் வேணும்னு சொன்னதில்ல. ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்து பெட்ல யாரும் படுக்க மாட்டாங்க, தெரியுமா? கை எரியற வரைக்கும் எலுமிச்சம்பழம் தேய்ச்சிருக்கேன். யாரும் என்னைப் பார்த்து எந்த ஊருன்னு கண்டுபிடிக்காத இடமாப் போகணும். அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அத்தை முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். பிறகு கோட்டூரின் மேல் விரலை வைத்தார்.

"அப்போ இத்த எடுத்துக்கோ. கடலு எம்மாந் தூரத்துல கீது பாரு. மேல வராது. பௌர்ணமிக்கு ரெண்டு முழம் ஏறும், அப்பால எறங்கிடும். அது நிக்கிற எடத்துலதான் நிக்கும். எனக்குத் தெரியாத கடலா?"

நாங்கள் கோட்டூரைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். நாங்கள் கிளம்பும்வரை அத்தை இன்னும் சில முறை வந்தார். கூடை இல்லாமல், குளித்து, துவைத்த புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். பேசும்போது 'இருக்கு' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஊதுபத்திக்கு வேலை இருக்கவில்லை. எனக்கு அது சகிக்கவில்லை. வசந்தி என்ன நினைத்தாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீனம்பாக்கத்தில் உள்ளே போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை, மீன் வாசனை எங்கே ஒட்டிவிடுமோ என்பது போலக் கைகளைத் தூரமாகவே வைத்துக்கொண்டு நின்றார்.

இனி அந்த முதல் நாளுக்கு வருகிறேன். சேற்றைப் பார்த்து நிம்மதியடைந்த நாங்கள் பயணக் களைப்பில் தூங்கிப்போனோம். ஏதோ சத்தம் கேட்டு விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே, சாலைச் சுவரை மோதிக்கொண்டு முழுக் கடலும் வந்து நின்றது. படுத்திருந்த படகுகளெல்லாம் எழுந்து மிதந்தன. கண்ணாடியில் உப்புத் துளி தெறித்தது. பக்கத்து வீட்டம்மாள் தோட்டத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பது போலக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். போட்டோ எடுத்த மகராசன் கடல் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறான். கடல் இவ்வளவு தூரம் போகும், இவ்வளவு தூரம் வரும் என்று கோவளத்துக் கரையில் யாருக்குத் தெரியும்? தண்ணீரைக் கொப்பளித்துப் பார்க்கிற எனக்கும் தெரியாது, ஆயுள் முழுக்கக் கடலையே பார்த்த அத்தைக்கும் தெரியாது. வசந்தி ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அன்று இரவு அவளுக்கு அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூப்பிட்டால் பூத்துக்காரர் அத்தையைக் கூட்டி வந்து உட்கார வைத்திருப்பார். நடந்ததைச் சொன்னபோது அத்தை நம்பவே இல்லை. "கடலு போவுமா? எங்க போவும்? அதுக்கு வேற வூடா கீது?" என்றார். நம்பிய பிறகு குரல் இறங்கிவிட்டது. "நாந்தான் தப்பா சொல்லிட்டேன். கொழந்த தூரமா வேணும்னு கேட்டுச்சு" என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், இப்போது கடல் இருக்கிறதா, போயிருக்கிறதா என்றுதான் கேட்பார். போயிருக்கு என்று சொன்னால் அப்பாடா என்பார். போகாதபோதும் வசந்தி போயிருக்கு என்றே சொல்லிவந்தாள்.

எனக்கு வேலை கிடைத்ததும் கடலால்தான். சாலையோரக் கம்பிவேலி முழுவதும் உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கோடியில் நான் வெல்டிங் வைத்து முடித்தால் மறு கோடியில் உதிரும். மதிய உணவைப் பிரித்துக்கொண்டு உட்காரும்போது கடல் வெளியே போயிருந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். ஈரமும் பள்ளமுமாகக் கிடக்கிற அந்தச் சேறு, சித்திரையில் வற்றிய சேலையூர் ஏரியேதான். கொக்கு மாதிரி ஏதோ ஒன்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். சின்ன வயதில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய இடம் எது என்றுகூட என்னால் காட்ட முடியும். பாதி நாள் எங்கள் ஜன்னலில் என் ஊர், பாதி நாள் அவள் ஊர். அவளுடைய ஊர் வருகிற நேரத்தில் திரைச்சீலை மூடியிருக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தி நைட் டியூட்டி முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள். நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். இந்த ஊர்த் தண்ணீரில் வேகிறது, ஆனால் யோசித்து யோசித்து வேகிறது. அந்தப் பக்கம் அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். வசந்தி போனின் வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திரைச்சீலையை ஒதுக்கி, கண்ணாடியையும் மேலே தூக்கினாள். உப்பு வாடையோடு காற்று வீட்டுக்குள் வந்தது.

"வந்துகினு கீதும்மா" என்றாள். "கிட்ட வந்துடுச்சு. பாத்துகினுதான் கீறேன்."

யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. அங்கிருந்து அத்தை பேசுவது, பழைய குரலில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற அந்தக் குரலில், அடுப்படி வரைக்கும் கேட்டது: "அங்க இன்னா மீனுடி கீது?"

வசந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் படகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திக்கொண்டு வந்தது. என் ஏரி மூழ்கிக்கொண்டிருந்தது. மூழ்கட்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பக் கிடைத்துவிடும்.