அப்பன் வைத்த கைநாட்டு

வத்தல்மலையில் சரிவைக் கொத்திச் சாமை விதைக்கக்கூடாது என்று பாரஸ்ட் கார்டு விரட்டும்போதெல்லாம் பொன்னனுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உங்கப்பன் சம்மதிச்சுக் கைநாட்டு வெச்சிருக்கான்." செத்துப்போனவர் சம்மதம் தன்னை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று அவனுக்கு விளங்கவேயில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறிலிருந்து பதினோரு வருஷம் மலையிறங்கி பாரஸ்ட் ஆபீசுக்கு நடந்தான்.

நாற்பத்தேழில், கொடியேற்றிய மறுவாரம், ஆபீஸ் குமாஸ்தா மனமிரங்கிப் பழைய காகிதக் கட்டை அவிழ்த்தார். படித்த மனிதர். "மனுசன் சுதந்திரமாத்தான் பொறக்கறான் பொன்னா. அப்பறம் எல்லாருஞ் சேந்து சம்மதிச்சுத்தான் சட்டம்னு ஒண்ணு உண்டாவுது" என்றபடி காகிதத்தை நீட்டினார். பொன்னனுக்கு எட்டு வயதிருக்கும்போது எழுதியது. அப்பன் பெயருக்குக் கீழே, கறுப்பாக, முழுசாக, இடதுகைப் பெருவிரல் ரேகை.

"எங்கப்பனுக்கு அந்த வெரலே இல்லீங்க சாமி. நான் பொறக்கறதுக்கு முன்னாலயே சாமை அறுக்கையில அருவா கொண்டுபோயிருச்சு."

குமாஸ்தா காகிதத்தைத் திரும்ப வாங்கி ரேகையைப் பார்த்தார். பிறகு மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். "செரி, அப்ப நீ வெய்யி. வெச்சாத்தான் கடுக்காய் பொறுக்கவாவது பாஸ் தருவாங்க."

வீட்டில் தானியம் தீர்ந்து மாதமாகியிருந்தது. பொன்னன் வைத்தான். விரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு மலையேறினான். இனி அவன் பிள்ளைகளிடமும் கார்டு அதே பதிலைச் சொல்லலாம். அது பொய்யாக இருக்காது.