துரைக்குத் தைத்த கடைசிப் பட்டை

1984, பிப்ரவரி. காலை ஏழரை மணி. சிராங்கூன் சாலையில் இரண்டு இட்லியும் காப்பியும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், இருபது காசு. விலையைக் கேட்டதும் திருச்சிக்காரனுக்கு நெஞ்சை அடைத்தது. சட்னியை வாயில் வைத்ததும் சரியாகிவிட்டது.

சிங்கப்பூர் வந்தால் எல்லோரும் டேப் ரெக்கார்டர் வாங்கப் போவார்கள். நான் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குக் கிளம்பினேன். அப்பாவின் கட்டளை. அவர் பட்டாளத்தில் தையல்காரர். பெல்லாரியில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம் தைத்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் அவரோடேயே இருந்தார். மேஜர் ஆனபோது கிரீடம். பிரிகேடியர் ஆனபோது கிரீடத்தோடு மூன்று நட்சத்திரம். எல்லாம் அப்பா கைத் தையல். துரை கிழிந்த சட்டையைத் தூக்கிப்போட மாட்டாராம். ஆனால் சிப்பாய்களுக்குக் கம்பளி வரத் தாமதமானால் மேலதிகாரியிடமே சண்டைக்குப் போவாராம்.

சிங்கப்பூர்ச் சண்டையின்போது அவரை மேஜர் ஜெனரலாக்கி உத்தரவு வந்தது. மறுநாள் விடியற்காலையில் வாளும் கோலும் போட்ட, தோளுக்கான புதுப் பட்டையை அப்பா தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போன துரை, பத்து மணிக்குக் குண்டு விழுந்து இறந்தார். அந்தப் பதவி உயர்வு பதிவானதா, அமளியில் காகிதத்தோடு போய்விட்டதா? நாற்பத்திரண்டு வருடமாக அப்பாவுக்கு இதே கவலை. தையல்காரனுக்கு யார் பதில் எழுதுவார்கள்?

ஒன்பது மணிக்குக் குவீன் ஸ்திரீட்டில் பஸ். வடக்கே இருபத்திரண்டு கிலோமீட்டர், எண்பது காசு. டிரைவர் பக்கத்துப் பெட்டியில் நாமே காசைப் போட வேண்டும். நம் ஊரில் அந்தப் பெட்டி ஒரு வாரம் தாங்காது.

பத்தேகாலுக்கு இறங்கினேன். குன்று நெடுக வெள்ளைக் கற்கள். ஜெனரல் ஆயிற்றே, ஒரு மண்டபமாவது இருக்கும் என்று முக்கால் மணி நேரம் வெயிலில் அலைந்தேன். புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் அந்தோணி, பக்கத்து மார்சிலிங்வாசி, இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்ன அண்ணே தேடுறீங்க?"

"ஒரு ஜெனரல் கல்லறைங்க. பெருசா இருக்கும்."

"பெருசாவா? இங்க ஜெனரல், சிப்பாய் எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் லா. பேர் சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல பாப்போம்."

அவர் காட்டிய வரிசையில் ஏழாவது கல். அதன் முன்னால் நின்றதும் படிக்கப் பயமாகிவிட்டது. பிரிகேடியர் என்று இருந்தால் அப்பாவிடம் என்ன சொல்வது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"நான் படிக்கவா?" அந்தோணி குனிந்தார். "மேஜர் ஜெனரல்னு போட்டிருக்கு. வயசு நாப்பத்தாறு. பாவம், என் வயசு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துரைக்காக அல்ல, அப்பாவுக்காக. அந்தோணி புல்லைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். பிறகு தன் மீகூன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அவ்வளவு ருசியான சேமியாவை நான் சாப்பிட்டதில்லை.

பிற்பகல் இரண்டரைக்குத் தந்தி ஆபீஸ். 'மேஜர் ஜெனரல்தான். சந்தேகமில்லை' என்று எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மாடி, மேஜர் ஜெனரலா! யாருக்கு அங்கிள் புரொமோஷன்?"

"எங்க அப்பாவுக்கு" என்றேன்.